ஏற்றத்தில் இளைக்கும் என்ஜின்கள்

நடுவழியில் திடீரென்று நின்றுபோகும் என்ஜின் ஒருவகையில் நேர்மையானது. தனக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்பதை அது எல்லோருக்கும் அறிவித்துவிடுகிறது. சாரதி இறங்குகிறார், பொனட்டைத் திறக்கிறார், மெக்கானிக்குக்கு ஆள் அனுப்புகிறார். ஆனால் நாளுக்கு நாள் தன் வலுவை மிகச் சிறிது சிறிதாக இழந்துகொண்டு, அப்படியும் ஓடிக்கொண்டே இருக்கும் என்ஜின் ஒன்று உண்டு. அது நிற்பதுமில்லை, முறையிடுவதுமில்லை. ஊவாவின் மலைப்பாதைகளில் இன்று ஓடும் கொழுந்து லொறிகளிலும் பஸ்களிலும் டிரக்டர்களிலும் கணிசமானவை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை என்பது என் எண்ணம். அவற்றின் நோயை நாம் நோயாகவே கருதுவதில்லை என்பதுதான் என் முறைப்பாடு.

நான் கலைப்பட்டதாரி, ஸ்பானர் பிடித்துப் பிழைத்தவன் அல்லன். ஆனால் பத்திரிகைத் தொழிலின் பொருட்டுப் பதுளைக்கும் பசறைக்கும் லுணுகலைக்கும் மடுல்சீமைக்கும் பல ஆண்டுகள் அலைந்தவன் என்ற முறையில், லொறிகளின் முன்னாசனத்தில் அமர்ந்து சாரதிகளிடமும், கராஜ் வாசல்களில் காத்திருந்து மெக்கானிக்குகளிடமும் கேட்டறிந்தவை நிறைய உண்டு. அவற்றின் துணைகொண்டே இதை எழுதுகிறேன்.

முதலில், இந்த நோய் ஏன் கண்ணில் படுவதில்லை என்று பார்ப்போம்.

மனித உடல் நல்ல அளவுகோல் அன்று. வீட்டில் தினமும் காணும் பிள்ளை வளர்வது பெற்றோருக்குத் தெரிவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் மாமாதான் "எவ்வளவு உயர்ந்துவிட்டாய்" என்கிறார். என்ஜினும் அப்படியே. ஒவ்வொரு நாளும் ஓட்டும் சாரதியின் கால், தானறியாமலே எக்சலரேட்டரைச் சற்றுக் கூடுதலாக அழுத்தப் பழகிவிடுகிறது. மூன்றாம் கியரில் ஏறிய வளைவில் இரண்டாம் கியருக்கு மாறுவது முதல் வாரம் உறுத்தும். இரண்டாம் மாதம் அதுவே வழக்கமாகிவிடும். ஒருமுறை பசறைப் பக்கத் தோட்டமொன்றின் சாரதியிடம், லொறி முன்னைப்போல இழுக்கிறதா என்று கேட்டேன். "லொறி அப்படியேதான் இருக்குதுங்க ஐயா, மலைதான் கொஞ்சம் கூடிப்போச்சு" என்று சிரித்தார். அவர் வேடிக்கையாகச் சொன்னார். நம் நிர்வாகங்களோ அதையே மெய்யென்று நம்பிக்கொண்டிருக்கின்றன.

மலைநாட்டில் இந்நோயைக் கண்டறிவது சமவெளியைக் காட்டிலும் கடினம் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். மலை தானே என்ஜினின் வலுவில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. என்ஜினுக்கு டீசல் மட்டும் உணவன்று, காற்றும் உணவு. உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. டர்போ பொருத்தப்படாத என்ஜின் ஒவ்வொரு 100 மீற்றர் உயரத்துக்கும் ஏறத்தாழ 1 சதவீத வலுவை இழக்கும் என்பது பொதுவான கணக்கு. வெல்லவாய கடல் மட்டத்திலிருந்து சுமார் 200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேல். வெல்லவாயவில் 100 குதிரைவலுக் காட்டிய பழைய என்ஜின் ஒன்று ஹப்புத்தளையில் 88ஐ ஒட்டித்தான் காட்டும். அதில் பழுது எதுவும் இல்லை. அதே அளவு டீசலுக்குக் குறைவான காற்றே கிடைப்பதால் புகையும் சற்றுக் கறுக்கும்.

ஆனால் இரண்டு இழப்புகளுக்கும் இடையே எளிய வேறுபாடு ஒன்றுண்டு. மலை எடுத்துக்கொண்ட வலுவைக் கீழே இறங்கியதும் திருப்பித் தந்துவிடும். நோய் எடுத்த வலு வெல்லவாயவுக்குப் போனாலும் திரும்பாது. அத்துடன், மலையின் பங்கு போன வருடமும் அதே அளவுதான், இந்த வருடமும் அதே அளவுதான். ஒரே ஏற்றத்தில் சென்ற ஆண்டு ஏறிய வேகத்தில் இவ்வாண்டு ஏற முடியவில்லையென்றால் பழியை மலைமீது சுமத்த முடியாது.

இந்த இடத்தில் மலையை விட்டுக் கடலோரத்துக்குச் சென்று வருவது பயன் தரும். பென்தோட்டை ஆற்றில் உல்லாசப் பயணிகளை நீர்ச்சறுக்கலுக்கு இழுத்துச் செல்லும் விசைப்படகுகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். அத்தகைய படகுகளில் ஒரு வகைக்கு என்ஜின் படகின் உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். பெரும்பாலும் அது மோட்டார் வாகன என்ஜின் ஒன்றைக் கடலுக்கு ஏற்றவாறு மாற்றியமைத்ததுதான். படகுக்கு இறக்கம் கிடையாது, கியர் மாற்றி ஏமாற்றவும் வழியில்லை. அதன் விசிறி எப்போதும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். ஆகவே படகுக்காரர்கள் ஓர் எளிய சோதனையைக் கையாளுகிறார்கள். வழக்கமான சுமையுடன் எக்சலரேட்டரை முழுமையாகத் திறந்து, என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுவரை எட்டுகிறது என்று பார்ப்பார்கள். படகு புதிதாக இருந்தபோது 4,600 சுற்று எட்டியது, இப்போது 4,200 தான் என்றால், படகு நன்றாக ஓடுவதாகத் தோன்றினாலும் எங்கோ ஏதோ குறைந்துவிட்டது என்பது உறுதி.

அந்தச் சோதனை இன்னொன்றையும் கற்றுத்தருகிறது. சுற்று குறைந்துவிட்டால் குற்றம் என்ஜினிடம்தான் என்று அவர்கள் உடனே முடிவுகட்டுவதில்லை. படகின் அடியில் பாசி படர்ந்திருக்கலாம். விசிறியின் இதழ் வளைந்திருக்கலாம். உட்தட்டில் தண்ணீர் தேங்கிப் படகு கனத்திருக்கலாம். இவற்றில் வலு குறையவில்லை, சுமைதான் கூடியிருக்கிறது. வலு குறைந்ததா, சுமை கூடியதா, அல்லது வலு சக்கரத்துக்குப் போய்ச்சேராமல் இடையில் கசிகிறதா என்ற மூன்று கேள்விகளையும் கேட்ட பிறகே என்ஜினைத் தொடவேண்டும். படகுக்கு நீர் எப்படியோ, நமக்கு மலை அப்படி. சமவெளியில் பாதி வலுவுடன் ஓடினாலும் எவருக்கும் தெரியாது. ஏற்றமே உண்மையைச் சொல்லும்.

இனி நம் லொறிக்கு வருவோம்.

சுமை கூடியிருக்கிறதா என்று பார்ப்பதற்குச் செலவே இல்லை. சிறிது தூரம் ஓடிய பின் நான்கு சக்கரங்களின் நடுப்பகுதியையும் எச்சரிக்கையாகக் கையால் தொட்டுப் பார்த்தால், பிரேக் விடுபடாமல் உரசிக்கொண்டிருக்கும் சக்கரம் மற்றவற்றைவிடச் சுடும். டயரில் காற்றுக் குறைந்தாலும் லொறி இழுக்காது. கிளச் வழுக்குகிறதா என்பதை ஏற்றத்தில் அறியலாம்: என்ஜினின் சத்தம் உயரும், லொறியின் வேகம் உயராது.

அடுத்தது எக்சலரேட்டர். நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் பெடலை முழுமையாக அழுத்தும்போது பம்பிலுள்ள நெம்புகோல் தன் எல்லைவரை போகிறதா என்று பார்ப்பவர் மிகச் சிலரே. கம்பி தளர்ந்தோ இணைப்புகள் தேய்ந்தோ போனால், சாரதி முழுமையாக அழுத்தினாலும் என்ஜினுக்கு முக்கால் பங்கு கட்டளையே கிடைக்கும். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் பம்பைப் பார்த்தால் இரண்டு நிமிட வேலை.

பிறகு காற்று. ஊவாவின் வறண்ட மாதங்களில் தோட்டத்துப் பாதைகளில் எழும் செம்மண் புழுதி எயார் கிளீனரை எவ்வளவு விரைவில் அடைத்துவிடும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பழைய லொறிகளிலும் டிரக்டர்களிலும் உள்ள எண்ணெய்த் தொட்டி வகைக் கிளீனரில் எண்ணெய் சேறாகிவிடும். காற்றுக் குறைந்த என்ஜின் ஏற்றத்தில் கரும்புகை விடும். இதற்கு மாறாக, வலுவும் இல்லை, புகையும் இல்லை என்றால் சந்தேகம் டீசல் பக்கம் திரும்பவேண்டும். டீசல் போதாத என்ஜின் பட்டினி கிடப்பவனைப்போலச் சத்தமின்றி இளைக்கும். பில்டர் அடைத்திருக்கலாம், தாங்கியின் அடியில் தண்ணீரும் வண்டலும் சேர்ந்திருக்கலாம், தாங்கி மூடியிலுள்ள சிறு காற்றுத் துளை அடைபட்டு, டீசல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகியிருக்கலாம். மூடியைத் தளர்த்தியதும் லொறி இழுத்தால் காரணம் தெரிந்துவிட்டது. அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இன்ஜெக்டர், பம்ப், டப்பெட் இடைவெளி ஆகியவை அதற்குப் பின்னர். என்ஜினின் அமுக்கம், அதாவது ரிங்கும் வால்வும் காற்றை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கின்றன என்பது, எல்லாவற்றுக்கும் கடைசியில். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து புகை பீறிட்டு வருகிறதா என்பதே அதற்கான முதல் அறிகுறி. அமுக்கத்தை அளக்கும் கருவி நல்ல கராஜ்களில் இருக்கிறது. அளந்து பார்க்காமல் என்ஜினைப் பிரிப்பது, இரத்தம் சோதிக்காமல் வயிற்றைக் கிழிப்பதற்கு ஒப்பானது.

மலிவானதிலிருந்து விலை கூடியதற்கு, வெளியிலிருந்து உள்ளுக்கு என்ற இந்த வரிசை எந்த மெக்கானிக்குக்கும் தெரியாததன்று. ஆனால் நடைமுறை பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. பதுளையில் பல ஆண்டுகளுக்கு முன் என் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தோட்டத்தின் கொழுந்து லொறி வலு குறைந்துவிட்டதென்று கராஜ் ஒன்றுக்கு வந்தது. இன்ஜெக்டர்கள் மாற்றப்பட்டன. பலனில்லை. பம்ப் கழற்றிச் சீர்செய்யப்பட்டது. அப்போதும் பலனில்லை. கடைசியில், என்ஜினையே பிரித்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, வயதான மெக்கானிக் ஒருவர் லொறியின் அடியில் படுத்து, எக்ஸோஸ்ட் பிரேக்கின் தகட்டை இயக்கிப் பார்த்தார். அது முழுமையாகத் திறக்கவில்லை.

மலைநாட்டு வாகனங்களை அறியாதவர்களுக்கு இதை விளக்கவேண்டும். நீண்ட இறக்கங்களில் சக்கர பிரேக்குகள் சூடேறித் தளர்ந்துவிடாமல் இருக்க, புகைக்குழாயை ஒரு தகட்டால் தற்காலிகமாக மூடி, என்ஜினையே பிரேக்காகப் பயன்படுத்துவார்கள். மலைப்பாதையில் அது உயிர்காக்கும் கருவி. ஆனால் ஓயாமல் பயன்படும் அந்தத் தகட்டின் அச்சில் கரி படியும். முதலில் சற்றே இறுகும். பிறகு முழுமையாகத் திறக்காமல் சிறிதளவு சாய்ந்தே நிற்கும். மாதம் செல்லச் செல்லச் சாய்வு கூடும். என்ஜின் மூச்சை உள்ளிழுக்கும், வெளிவிட முடியாது. இறக்கத்தில் நம்மைக் காப்பாற்றிய பிரேக் ஏற்றத்திலும் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த லொறிக்கு வேண்டியிருந்தது கரியைச் சுரண்டிச் சிறிது எண்ணெய் விடுவதுதான். அதற்கு முன்பே தோட்டம் இரண்டு பெரிய பில்களைக் கட்டியிருந்தது.

அந்த மெக்கானிக் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் படித்தவர் அல்லர். "இது மலை லொறி. மலை லொறிக்கு வாற வருத்தத்தை முதல்ல பார்க்கணும்" என்றார், அவ்வளவுதான். கையேடுகள் உலகம் முழுவதற்கும் பொதுவாக எழுதப்படுகின்றன. நோயாளி எந்த ஊரில் வாழ்கிறான் என்பதைக் கேட்பது வைத்தியத்தின் பாதி.

அண்மைக்கால வரலாறும் நம் என்ஜின்களுக்கு நல்லதாக அமையவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான கதவு மீண்டும் திறக்க 2025 பெப்ரவரிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஐந்தாண்டுகளில் ஓய்வுபெற்றிருக்கவேண்டிய என்ஜின்கள் பல மேலதிகச் சேவையில் ஈடுபட்டன. இடையில் 2022 வந்தது. வரிசையில் நின்று வாங்கிய டீசலைக் கழுவாத பீப்பாய்களிலும் பிளாஸ்டிக் கேன்களிலும் சேமித்தோம். தண்ணீரும் துருவும் அதனுடன் சேர்ந்தன. டீசல் ஒரு லீற்றர் 400 ரூபாவைத் தாண்டியிருந்த நிலையில், அவ்வாண்டு ஆகஸ்ட் பிற்பகுதிவரை மண்ணெண்ணெய் 87 ரூபாவாகவே இருந்தது. அந்த இடைவெளியில் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. டீசல் பம்பின் உட்பாகங்களுக்கு டீசலே எண்ணெய்; மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு. கலப்படம் என்ஜினை அன்றே நிறுத்துவதில்லை. தேய்வைத் தொடங்கிவைத்துவிட்டுப் போய்விடுகிறது. அன்றைய மண்ணெண்ணெய்க்கான வட்டியை இன்றும் ஏற்றங்களில் கட்டிக்கொண்டிருக்கும் என்ஜின்கள் இருக்கும்.

இந்நிலையில் நம்மவர்கள் கையாளும் குறுக்குவழி ஒன்றைக் கண்டிக்காமல் விடமுடியாது. லொறி இழுக்கவில்லை என்றதும் பம்பிலுள்ள முத்திரையை உடைத்து, திருகாணியைச் சற்றுத் திருப்பி, டீசலைக் கூட்டிவிடுவது. உடனே லொறி இழுக்கும். சாரதிக்கு மகிழ்ச்சி, முதலாளிக்கு மகிழ்ச்சி, மெக்கானிக்குக்கு நற்பெயர். ஆனால் காற்று அடைபட்ட என்ஜினுக்கு மேலும் டீசல் ஊட்டுவது, செரிமானம் கெட்டவனுக்கு விருந்து வைப்பது போன்றது. எரியாத டீசல் கரும்புகையாகப் போகும். புகைக்குழாயின் வெப்பம் அளவு மீறும். சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய் கழுவப்பட்டு ரிங்குகள் தேயும். இறுதியில் பிஸ்டன் வெடிக்கும். மெதுவாக வந்த நோயை விரைவான மரணமாக மாற்றும் சிகிச்சை இது. ஏற்றத்தில் நமக்கு முன்னால் கரிய திரையொன்றை விரித்துச் செல்லும் பஸ்ஸைக் கண்டால், அதை வலுவின் அடையாளமாக எண்ணாதீர்கள்.

இதையெல்லாம் கண்டுபிடிக்க அரசாங்கத்தின் பரிசோதனைகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. 2008 முதல் வாகனப் புகைப் பரிசோதனை நடைமுறையில் உள்ளது. நல்ல ஏற்பாடு, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் டீசல் வாகனத்தில் அது புகையின் கருமையை அளக்கிறது. அதுவும் நின்ற இடத்தில், சுமை ஏதுமின்றி எக்சலரேட்டரை அழுத்தி. டீசல் போதாமல் இளைத்த என்ஜின் புகையே விடாது. ஆகவே அது மிக நல்ல மதிப்பெண்ணுடன் தேறிவிடும். லொறிகளுக்கும் பஸ்களுக்கும் உரிய தகுதிச் சான்றிதழின் கவலை, பிரேக்கும் ஸ்டியரிங்கும் விளக்குகளும் பாதுகாப்பாக உள்ளனவா என்பது. நியாயமான கவலைதான். ஆனால் சென்ற ஆண்டு ஏறிய ஏற்றத்தை இந்த வாகனம் இவ்வாண்டும் அதே வேகத்தில் ஏறுகிறதா என்ற கேள்வியை எந்தச் சான்றிதழும் கேட்பதில்லை. அதை உரிமையாளர்தான் கேட்கவேண்டும்.

முன்பு கேட்டார்கள். ஊவாவின் பழைய தேயிலை ஆலைகளில், நம் மக்கள் ஸ்டோர் என்று அழைக்கும் இடத்தில், ஒரே என்ஜின் நீண்ட அச்சுத்தண்டு ஒன்றைச் சுழற்றும். அதிலிருந்து தோற்பட்டிகள் வழியாக ரோலர்களும் சல்லடைகளும் விசிறிகளும் இயங்கும். என்ஜின் இளைத்தால் ரோலரின் சுற்று குறையும். சுற்று குறைந்தால் கொழுந்து சரியாகச் சுருளாது. டீமேக்கரின் கண்ணுக்கும் என்ஜின் டிரைவரின் காதுக்கும் அது தப்பாது. இன்று மின்சாரம் வந்துவிட்டது. டீசல் என்ஜின் ஜெனரேட்டராகி ஒரு மூலைக்கு ஒதுங்கிவிட்டது. வாரத்துக்கு ஒருமுறை சுமையின்றிப் பத்து நிமிடம் ஓடவிட்டு, "ஜெனரேட்டர் நல்லாயிருக்கு" என்று எழுதிவைப்பது பல இடங்களில் வழக்கம். சுமையின்றி ஓடும் டீசல் என்ஜின் போதிய சூடேறாது. எரியாத டீசலும் கரியும் உள்ளே படிந்து அதன் வலுவைத் தின்னும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு வந்தபோது, "நல்லாயிருந்த" ஜெனரேட்டர் ஒன்று பாதிச் சுமைக்கே மூச்சுவாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். பட்ட பிறகே நோய் தெரிந்தது.

இந்த விடயத்தில் ரயில்வேயின் மரபு நமக்குப் பாடமாகலாம். 1924இல் பதுளையை எட்டிய மலைநாட்டு ரயில் பாதையில், 44 அடி சென்றால் 1 அடி ஏறும் சரிவுகள் உண்டு; பட்டிப்பொல நிலையம் 1,890 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. அத்தகைய பாதையில் என்ஜினின் வலுவை நம்பிக்கைக்கு விட்டுவிட முடியாது. எந்த என்ஜின் எத்தனை பெட்டிகளை இழுக்கலாம் என்பதற்கு வரையறை உண்டு. எந்த நிலையத்தை எத்தனை மணிக்குக் கடந்தது என்பது எழுதிவைக்கப்படும். அந்த நேரக் குறிப்பு தாமதத்துக்கான விளக்கமாக மட்டுமன்றி, என்ஜினின் நாடித்துடிப்பாகவும் பயன்படக்கூடியது.

அதையே தோட்டங்களும் பஸ் உரிமையாளர்களும் செய்யலாம் என்பதுதான் என் யோசனை. புதிய கருவி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒவ்வொரு வழித்தடத்துக்கும் ஓர் ஏற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆரம்பத்தையும் முடிவையும் இரண்டு கிலோமீற்றர் கற்களாலோ, ஒரு பாலத்தாலும் ஒரு கோயிலாலும் குறித்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒருமுறை, அதே சுமையுடன், அதே கியரில், பாதையில் நெரிசல் இல்லாத வேளையில் ஏறிப் பாருங்கள். எத்தனை நிமிடம், எத்தனை விநாடி என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பக்கத்தில் அம்மாதம் குடித்த டீசல் எத்தனை லீற்றர், ஓடிய தூரம் எவ்வளவு, புகையின் நிறம் என்ன என்று மூன்று குறிப்புகள். முதல் மூன்று மாதத்தில் வழக்கமான அளவு தெரிந்துவிடும். அதிலிருந்து பத்தில் ஒரு பங்கு நேரம் கூடினால் கராஜுக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது அந்தக் கொப்பியையும் கொடுத்தனுப்புங்கள். "இழுக்கவில்லை" என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு மெக்கானிக் என்ன செய்வார்? ஆனி மாதம்வரை சரியாக இருந்தது, புழுதிக் காலத்தில் குறையத் தொடங்கியது, புகை கறுத்தது என்று எழுத்தில் இருந்தால் பாதிச் சிகிச்சை முடிந்துவிட்டது.

இதற்கு எழப்போகும் மறுப்பும் எனக்குத் தெரியும். "வாகனம் பழசு, வயதானால் அப்படித்தான்" என்பார்கள். இந்தச் சொல்லைப்போல வசதியான சொல் வேறில்லை. அது எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறது. எதையும் செய்யவேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறது. வயது என்ஜினின் அமுக்கத்தைக் குறைப்பது உண்மை. ஆனால் நாம் பார்த்த பட்டியலில் அது கடைசியில் நிற்கிறது. அடைபட்ட பில்டருக்கும் கரி பிடித்த தகட்டுக்கும் தளர்ந்த கம்பிக்கும் வயது காரணமன்று, கவனிப்பாரின்மையே காரணம். ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட டீசல் என்ஜின் பல இலட்சம் கிலோமீற்றர் உழைக்கும் என்பதை, இன்றும் நம் வீதிகளில் ஓடும் பழைய லீலண்டுகளும் மசி பெர்குசன் டிரக்டர்களும் நிரூபிக்கின்றன.

இழப்பு யாருக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மலையில் பறித்த கொழுந்து சாக்கில் அடைபட்ட நேரத்திலிருந்தே சூடேறத் தொடங்குகிறது. ஸ்டோருக்குப் போய் விரித்துக் காற்றாடவிடும்வரை ஒவ்வொரு நிமிடமும் அதன் தரத்தைக் குறைக்கும். ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் வறண்ட காற்று ஊவாத் தேயிலைக்குத் தரும் மணம் உலகச் சந்தையில் தனி விலை பெறுவது. ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும். அந்தக் கொழுந்தைக் கிள்ள எத்தனை விரல்கள் வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இயற்கையும் தொழிலாளியும் சேர்ந்து உண்டாக்கிய அந்த மணத்தை, ஏற்றத்தில் முக்கிக்கொண்டு நிற்கும் லொறி வழியிலேயே கெடுத்துவிடுகிறது. தரம் குறைந்தால் விலை குறையும். விலை குறைந்தால் "தோட்டம் நட்டத்தில் ஓடுகிறது" என்ற பல்லவி சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் ஒலிக்கும். அந்த நட்டத்தில் எக்ஸோஸ்ட் தகட்டின் பங்கு எவ்வளவு என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

அதே லொறிதான் சில தோட்டங்களில் இன்னமும் இரவுநேர அம்பியூலன்ஸ். பிரசவ வலியில் இருக்கும் பெண்ணை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, இரண்டாம் கியரில் தவழும் வண்டியின் ஒவ்வொரு வளைவும் எவ்வளவு நீளமானது என்பதை அந்தக் குடும்பத்தைக் கேட்டால் சொல்வார்கள். பஸ்ஸின் கதையும் வேறன்று. ஏற்றத்தில் இழந்த நேரத்தைச் சாரதி எங்கே ஈடுசெய்வார்? இறக்கத்தில்தான். 2021 மார்ச்சில் பசறையிலும் 2025 செப்டெம்பரில் எல்ல - வெல்லவாய வீதியிலும் நடந்த கோர விபத்துகளுக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அவற்றின் காரணங்கள் வேறு. ஆனால் இந்தப் பாதைகள் சிறு பிழையையும் மன்னிப்பதில்லை என்பதை அவை நமக்குக் கற்பித்திருக்கின்றன. மெதுவாக வரும் குறையை மெதுவாகவே கண்டுகொள்ளலாம் என்ற சலுகை மலைநாட்டில் நமக்கு இல்லை.

ஒரு கொப்பி, ஒரு பென்சில், ஒரு மணிக்கூடு. பெரிய முதலீடு எதையும் நான் கேட்கவில்லை. தோட்ட நிர்வாகங்கள் மரத்தின் வயதையும் மழையின் அளவையும் நூறாண்டுகளுக்கு மேலாக எழுதிவைத்து வந்திருக்கின்றன. அந்த ஏட்டில் என்ஜினுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும்.